ப்லெஸ், பை, யையா: சம்பந்தி வீட்டு மொழியில் விடைபெறுவது

ஐஸ்லாந்து மொழியில் நாலு வார்த்தை கற்றுக்கொடு என்று யாராவது என்னிடம் வந்தால், வணக்கத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் விடைபெறக் கற்றுக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன். வரும்போது சிரித்தாலே போதும், வாங்க என்று கை காட்டினாலும் போதும். கிளம்பும்போது அது போதாது. வீடியோ காலில் இரண்டு பக்கமும் பேச்சு தீர்ந்துபோய், யார் முதலில் போனை வைப்பது என்று தெரியாமல், எல்லோரும் சிரித்த முகத்தோடு திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அனுபவித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

என் தங்கை கட்டியிருப்பது ஐஸ்லாந்துக்காரரை. ரெய்க்யாவிக்கில் குடித்தனம். நாங்கள் சேலம் அஸ்தம்பட்டியில். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டரைக்குச் சாப்பிட்டு முடித்துவிட்டு நாங்கள் போன் போட்டால் அங்கே மதியம் மூன்று மணி. அந்த ஊரில் கோடைக்கு ஒன்று குளிருக்கு ஒன்று என்று கடிகாரத்தை மாற்றி வைப்பதில்லை, வருஷம் பூராவும் கிரீன்விச் நேரம்தான், அதனால் எப்போதும் அதே ஐந்தரை மணி நேர வித்தியாசம். அம்மாவுக்கு இது பெரிய நிம்மதி. மாப்பிள்ளையின் அம்மாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் மகன் வீட்டுக்கு வந்துவிடுவார். அவருக்குத் தமிழ் தெரியாது, என் அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் இரண்டு பேருக்கும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் வாரம் போகாது. அதனால்தான் வீட்டில் நான் இந்த மொழியைக் கையில் எடுத்தேன், அதுவும் போனை வைக்கும் இடத்திலிருந்து.

முதல் வார்த்தை ப்லெஸ். கடையில், பஸ்ஸில், பக்கத்து வீட்டில், பள்ளிக்கூட வாசலில், எங்கே சொன்னாலும் பொருந்தும். பெரியவர் சின்னவர் வித்தியாசம் கிடையாது. இரண்டு தடவை சேர்த்து ப்லெஸ் ப்லெஸ் என்றால் இன்னும் கொஞ்சம் நெருக்கம். வேர் என்று பார்த்தால் ஆசி கூறுகிற சொல்தான் அது, ஆனால் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு கடைக்காரரிடம் ப்லெஸ் சொல்கிறவர் யாரும் ஆசியை நினைத்துச் சொல்வதில்லை. இன்னொன்று பை. இதை நாமும்தான் தினம் சொல்கிறோம், பொருளும் அதேதான், நண்பர்களுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் போனிலும் புழங்குவது. நாம் டாட்டா பை பை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி அங்கே உள்ள குழந்தைகளும் பை பை என்றுதான் கை ஆட்டக் கற்றுக்கொள்கின்றன. தங்கை மகள் போனில் எங்களுக்குச் சொல்வதும் அதுதான்.

உச்சரிப்பில் நமக்கு ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது, இதை யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை. அவர்கள் எழுத்தில் இந்த இரண்டு சொல்லும் ஆங்கிலத்தின் B எழுத்தில்தான் தொடங்குகின்றன, ஆனால் வாயிலிருந்து வரும் ஒலி பந்து, பல் என்று சொல்லும்போது வருகிற நம்முடைய பகரம். தொண்டை அதிராது, மூச்சுக் காற்றும் வெளியே தள்ளாது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதைப் பிடிக்கக் கஷ்டப்படுகிறார்கள், பஸ் என்கிறபோது வருகிற அந்த அதிர்வை விடச் சொன்னால் காற்றைத் தள்ளிவிடுகிறார்கள். நாம் தமிழ் எழுத்தில் எழுதி அப்படியே படித்தாலே முக்கால்வாசி சரியாகிவிடும். அவர்களுடைய D, G எழுத்து இரண்டுக்கும் சொல்லின் முதலில் வரும்போது இதே கதைதான், நம்முடைய த, க. ப்லெஸ் என்பதில் கடைசி ஸ்ஸைக் கொஞ்சம் நீட்டிப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். அம்மா முதல் நாளே சரியாகச் சொன்னாள். அந்தப் பக்கம் சம்பந்தியம்மா இரண்டு கையையும் தட்டினார்.

அப்புறம் வெர்து ஸைல் என்று ஒன்று இருக்கிறது. பாடப் புத்தகங்களில் முதலில் வருவது பெரும்பாலும் இதுதான், ஆனால் நான் இதைக் கடைசிக்குத் தள்ளச் சொல்வேன். நலமாக இரு என்கிற பொருள். பெண்ணிடம் சொன்னால் ஸைல். ஆணிடம் சொன்னால் ஸைத்ல், எழுத்தில் இரட்டை லகரம் வந்தால் அவர்கள் நாக்கு அதை ஒரு த் போட்டுத்தான் உடைக்கும். ஒருவருக்கு மேல் இருந்தால் மறுபடி மாறும், எல்லோரும் ஆண்களா, எல்லோரும் பெண்களா, கலந்து நிற்கிறார்களா என்று பார்த்து மூன்று வடிவம். கதவைத் திறந்துகொண்டு கிளம்புகிற நேரத்தில் நிற்கிறவர்களை எண்ணி இலக்கணம் போடுவது புதிதாகக் கற்கிறவர்களுக்கு ஆகிற காரியமா? ப்லெஸ்ஸுக்கு ஆண் பெண் கிடையாது, ஒருமை பன்மை கிடையாது. போதாததற்கு வெர்து ஸைல் இன்றைக்குக் கொஞ்சம் கட்டுக்கோப்பான சொல், வயதானவர்கள் வாயில் அழகாக இருக்கும், சில இடங்களில் இனிமேல் பார்க்கப்போவதில்லை என்கிற கனமும் ஏறிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை போனுக்கு அது வேண்டாம்.

மரியாதை பற்றி அம்மா உடனே கேட்டாள். சம்பந்தியிடம் பேசும்போது 'நீ' மாதிரி இருந்துவிடப் போகிறது, பார்த்துச் சொல்லிக்கொடு என்றாள். அவர்களிடமும் நம் 'நீங்க' மாதிரி ஒரு மரியாதைச் சொல் இருந்தது, ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியிலேயே பேச்சிலிருந்து கழன்றுவிட்டது. இப்போது எல்லோருக்கும் ஒரே 'நீ'. எல்லோரையும் முதல் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், ஆசிரியரை, டாக்டரை, ஜனாதிபதியையும் சேர்த்து. 1980இல் மக்கள் ஓட்டுப்போட்டு ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தார்களே விக்தீஸ் ஃபின்போகாதோத்திர், உலகத்திலேயே அப்படித் தேர்தலில் வென்று ஜனாதிபதியான முதல் பெண், அவர் அந்த ஊர்க்காரர்களுக்கு வெறும் விக்தீஸ்தான். பின்னால் வருவது குடும்பப் பெயர் இல்லை, ஃபின்போகியின் மகள் என்று அர்த்தம். மகனாக இருந்தால் அப்பா பெயரோடு ஸோன், மகளாக இருந்தால் தோத்திர். கல்யாணம் ஆனாலும் பெண்ணின் பெயர் மாறாது. டெலிபோன் டைரக்டரி அச்சில் வந்துகொண்டிருந்த காலத்தில் அதிலேயே முதல் பெயர் வரிசையில்தான் ஆட்களைப் போட்டார்கள்.

இதைக் கேட்டதும் அப்பாவுக்கு அந்த நாட்டின் மேல் தனி மதிப்பு வந்துவிட்டது. நமக்கும் அப்படித்தானே, அப்பா பெயர் இனிஷியலாக முன்னால் நிற்கிறது, அதை வைத்து யாரும் கூப்பிடுவதில்லை என்றார். பாஸ்போர்ட் ஆபீஸில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டால் நாம் முழிப்பது மாதிரி அவர்களும் வெளிநாடு போனால் முழிப்பார்கள் போல. சரி, மரியாதை விஷயம் என்ன ஆனது என்றால், சம்பந்தியம்மா தன்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்றார், அம்மா முடியவே முடியாது என்றாள். கடைசியில் அவர் 'சம்பந்தி' என்கிற வார்த்தையைக் கற்றுக்கொண்டார். இப்போது இரண்டு பேரும் ஒருவரையொருவர் சம்பந்தி என்றே கூப்பிட்டுக்கொள்கிறார்கள். மாப்பிள்ளை அம்மாவை அத்தை என்பார், அதில் அந்த 'த்'தை நம்மைவிட அழுத்திச் சொல்வார்.

போனை வைப்பதற்கு வருகிறேன். நேரில் பிரிகிறபோது ஸ்யௌம்ஸ்த், போனில் ஹேய்ரும்ஸ்த். முதலாவது பார்ப்போம், இரண்டாவது குரலைக் கேட்போம். ஒருவரையொருவர் என்கிற அர்த்தம் அந்தக் கடைசி ஸ்த்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. நாமும் பார்ப்போம், பேசுவோம் என்று சொல்லித்தான் போனை வைக்கிறோம், அதனால் இதில் புதிதாக யோசிக்க ஒன்றும் இல்லை, சொல்லை மட்டும் மாற்றிப் போட்டால் சரி. நாளைக்கே பார்ப்பதாக இருந்தால் ஸ்யௌம்ஸ்த் அவ் மோர்குன். கொஞ்ச நேரத்துக்குத்தான் என்றால் ப்லெஸ் ஈ பிலி, இப்போதைக்கு வருகிறேன் என்பதுபோல.

தங்கை ஒரு விஷயம் சொன்னாள், எனக்கு அது மனதில் நின்றுவிட்டது. அங்கே பார்ப்போம் என்று சொன்னால் நிஜமாகவே பார்த்துவிடுவார்களாம். மொத்த நாட்டின் ஜனத்தொகையே நாலு லட்சத்துக்குள். நம் சேலம் மாநகராட்சியில் மட்டும் 2011 கணக்கெடுப்பிலேயே எட்டு லட்சத்துக்கு மேல். அந்த நாலு லட்சத்திலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் ரெய்க்யாவிக்கிலும் அதை ஒட்டிய ஊர்களிலும்தான் இருக்கிறார்கள். போதாததற்கு எல்லாப் பேட்டையிலும் ஒரு நீச்சல் குளம், பூமிக்கு அடியிலிருந்து வரும் வெந்நீரை வைத்துச் சூடாக்கியது, அதன் ஓரத்தில் ஆட்கள் கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கச் சின்னச் சின்னத் தொட்டிகள். பனி கொட்டினாலும் போவார்கள். காலையில் ஆபீஸில் விடைகொடுத்த ஆளைச் சாயங்காலம் தொட்டியில் பார்க்கலாம்.

போனில் கடைசி ஒரு நிமிஷம் எப்படிப் போகும் என்று எழுதுகிறேன், ஏனென்றால் இது எந்தப் பாடத்திலும் முழுசாக வராது. முதலில் யௌ என்று ஒன்று வரும். ஆமாம் என்று அர்த்தம். இதைச் சில நேரம் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே சொல்வார்கள், முதல் தடவை கேட்கிறவர்கள் எதையோ பார்த்துத் திடுக்கிட்டார் என்று நினைப்பார்கள். அம்மா, 'என்ன சம்பந்திக்கு மூச்சு வாங்குது' என்று பதறிவிட்டாள். ஒன்றும் இல்லை, ஆமாம் ஆமாம் என்று ஒத்துக்கொள்கிறார் என்று விளக்கினேன். யௌவுக்குப் பிறகு ஓகே. அப்புறம் ஹேய்ரும்ஸ்த். அப்புறம் பை. அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு பை. மறுபடி பை பை, வேகமாக, குரல் மேலே ஏறி. ஒரே பையோடு பட்டென்று வைத்தால் ஏதோ கோபம் போல இருக்கும். நம் வீட்டில் 'சரி வெச்சிடறேன், ம், சரி சரி, வெச்சிடட்டா, ம் சரி' என்று அத்தைகள் பேசி முடிக்கிறார்களே, அந்தத் தாளம் காதில் இருந்தால் இது தானாக வந்துவிடும்.

ஆனால் விடைபெறுதல் என்பது இந்த வார்த்தைகளுக்கெல்லாம் முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறது. அதற்குப் பெயர் யையா. எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. எதற்கு வேண்டுமானாலும் போடுவார்கள், குரலை வைத்துத்தான் பொருள். ஆச்சரியத்துக்கும் போடலாம், ஆரம்பிக்கலாமா என்பதற்கும் போடலாம். ஆனால் விருந்துக்கு வந்த வீட்டில், காப்பி தீர்ந்து, பேச்சு ஒரு இடத்தில் நின்று, ஒருவர் முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி நீளமாக யையா என்றால், கிளம்புகிறார் என்று அர்த்தம். உடனே எழுந்துவிட மாட்டார். அதற்குப் பிறகு இன்னொரு விஷயம் பேசுவார்கள். மறுபடி ஒரு யையா. அப்போதுதான் எழுந்து நிற்பது. நம்முடைய 'சரிங்க, அப்ப…' இருக்கிறதே, அதே வேலை. 'அப்ப' என்று இழுத்துவிட்டுக் காத்திருப்போம், வீட்டுக்காரர் 'என்ன அவசரம், இருங்க' என்பார், மறுபடி உட்காருவோம். சேலத்துக்காரர்கள் வாசற்படியில், செருப்புப் போட்டுக்கொண்ட பிறகு, கேட்டைப் பிடித்துக்கொண்டு, வண்டியை ஸ்டார்ட் செய்து அணைத்துவிட்டு என்று நாலு இடத்தில் நின்று பேசுவோம். உள்ளே உட்கார்ந்திருந்தபோது வராத முக்கியமான விஷயமெல்லாம் கேட் பக்கத்தில்தான் வரும், பெண் பார்க்கிற விஷயம் உட்பட. இந்த வாசற்படிப் பேச்சைப் பற்றித் தங்கை மாமியாரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, எங்கள் வீட்டு வாசலிலும் கோட்டு, பூட்ஸ், தொப்பி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு வியர்க்க வியர்க்கப் பேசிக்கொண்டு நிற்போம் என்றாராம்.

போன மார்கழியில் அவர் இங்கே வந்தார். டிசம்பரில் ரெய்க்யாவிக்கில் பகல் வெளிச்சம் நாலு மணி நேரம்தான், அந்த இருட்டிலிருந்து கொஞ்ச நாள் தப்பித்து வந்தவரை நாங்கள் நேராக ஏற்காட்டுக்குக் கூட்டிப் போனோம், பெரியப்பாவின் சின்னக் காப்பித் தோட்டத்துக்கு. காப்பிப் பழம் பறிக்கிற சீசன். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, கீழே சிவப்புச் சிவப்பாகப் பழம். ஐஸ்லாந்துக்காரர்கள் காப்பிக்கு உயிரை விடுகிறவர்கள், ஆனால் அங்கே ஒரு செடி வெளியில் வளராது. அவர் ஒரு பழத்தைப் பிய்த்து, தோலை உரித்து, உள்ளே இரண்டு கொட்டையும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வழவழவென்று இருப்பதைக் கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்த பெண்கள், மலையாளிகள், அதாவது சேர்வராயன் மலையின் பூர்வகுடிகள், அவரைச் சுற்றி நின்றுகொண்டு தலைமுடி நிறத்தைப் பற்றிப் பேசினார்கள். கிளம்பும்போது அவர் அவர்களுக்கு ப்லெஸ் ப்லெஸ் என்று கை ஆட்டினார். அவர்களும் அதையே திருப்பிச் சொன்னார்கள். அதற்கு விளக்கம் யாரும் கேட்கவில்லை, கொடுக்கவும் இல்லை.

அங்கே சாப்பாட்டு மேசையில்தான் எனக்கு இந்த மொழியின் முக்கியமான வாசல் திறந்தது. பெரியம்மா இலை போட்டு, சோறு, பருப்பு, நெய், அவரைக்காய்ப் பொரியல், ரசம், தயிர் என்று வரிசையாகப் பரிமாறினாள். சாப்பிட்டு முடித்து எழுந்த சம்பந்தியம்மா பெரியம்மாவின் கையைப் பிடித்து, தஹ்க் ஃபிரிர் மிக் என்றார். என்னை உபசரித்ததற்கு நன்றி என்கிற மாதிரி. ஒருத்தருக்கு மேல் இருந்தால் 'எங்களை' என்று மாற்றிச் சொல்வார்கள். ஐஸ்லாந்தில் எந்த வீட்டில் சாப்பிட்டாலும் எழுந்திருக்கும்போது இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார்கள், சின்னப் பிள்ளைகள்கூட மேசையை விட்டுப் போகும்போது சொல்லும். கிளம்பும்போது வாசலிலும் இதே வார்த்தை வரும். வீட்டுக்காரர் பதிலுக்கு, தஹ்க் ஃபிரிர் கோமுனா, வந்ததற்கு நன்றி என்பார். வேலை முடிந்து கூட வேலை பார்த்தவர்களைப் பிரியும்போது இந்த நாளுக்கு நன்றி என்பார்கள், ராத்திரி நண்பர்களைப் பிரிந்தால் இந்தச் சாயங்காலத்துக்கு நன்றி.

பெரியம்மாவுக்கு நான் அர்த்தம் சொன்னதும் அவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சாப்பாட்டுக்குப் போய் யாராவது நன்றி சொல்வார்களா, நம்ம வீட்டு ஆள்தானே என்றாள். இரண்டு பக்கத்தையும் எனக்குத் தெரியும் என்பதால் சொல்கிறேன், இரண்டிலும் ஒரே பாசம்தான் இருக்கிறது. பெரியம்மாவுக்கு நன்றி என்று சொன்னால் அயலாராக்குவது. சம்பந்தியம்மாவுக்கு அதைச் சொல்லாமல் எழுந்தால் கைகழுவாமல் எழுந்த மாதிரி.

இதுதான் நான் இங்கே எழுத வந்ததே. ஐஸ்லாந்து மொழியில் விடைபெறுகிற சொற்கள் என்று தேடினால் ப்லெஸ், பை, ஸ்யௌம்ஸ்த் எல்லாம் பட்டியலாகக் கிடைக்கும், அவை வேண்டும்தான், ஆனால் பிரிகிறபோது உண்மையில் பாரத்தைச் சுமப்பது இந்தத் தஹ்க் ஃபிரிர்தான். இதுவரை நடந்ததற்கு நன்றி சொல்லிவிட்டு, பிறகு லேசாக ஒரு ப்லெஸ். அந்த முதல் பாதியைக் கற்காமல் இரண்டாம் பாதியை மட்டும் கற்றுக்கொண்டு போனால் அவசரமாகக் கிளம்புகிற ஆளாகத்தான் தெரிவோம்.

அதோடு அது அன்றைக்கு முடிவதும் இல்லை. ஒருவர் வீட்டுக்கு விருந்துக்குப் போய் வந்து, பத்து நாளோ ஒரு மாதமோ கழித்து அவரைத் தெருவில் பார்த்தால் முதல் வேலையாக, தஹ்க் ஃபிரிர் சீதஸ்த் என்பார்கள். போன தடவை சேர்ந்திருந்ததற்கு நன்றி. நினைத்துப் பாருங்கள், போன தடவை விடைபெற்ற இடத்திலிருந்து நூலை எடுத்து இந்தத் தடவை முடிச்சுப் போடுகிறார்கள். வருஷம் பிறக்கும்போதும் அப்படித்தான், புது வருஷ வாழ்த்தோடு போன வருஷத்துக்கு நன்றி சேர்ந்தே வரும்.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது ஏப்ரலில் வருவது. அவர்களுக்கு 'கோடையின் முதல் நாள்' என்று ஒரு பண்டிகை, அரசாங்க விடுமுறை. ஏப்ரல் 19இலிருந்து 25க்குள் வருகிற வியாழக்கிழமை. பழைய ஐஸ்லாந்துக் காலண்டரில் வருஷத்துக்கு இரண்டே பருவம், குளிர்ப் பாதி, கோடைப் பாதி. அந்தக் கோடைப் பாதி தொடங்குகிற நாள் அது. வெளியில் பனி தூறிக்கொண்டிருந்தாலும் காலண்டர் சொல்லிவிட்டால் கோடைதான், பிள்ளைகளுக்குப் பரிசு கொடுப்பார்கள், தெருவில் ஊர்வலம் போவார்கள். அன்றைக்குப் பார்க்கிறவர்களிடமெல்லாம் க்லெதிலெக்த் சுமர், தஹ்க் ஃபிரிர் வெதுரின். இனிய கோடை வாழ்த்துகள், குளிர்காலத்துக்கு நன்றி. அந்த இருட்டையும் காற்றையும் கூடச் சேர்ந்து கடந்தோமே, அதற்கு நன்றி. நமக்குச் சித்திரை ஒன்று முடிந்து ஒன்றிரண்டு வாரத்துக்குள் இது வந்துவிடும். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கும், சேலத்து மார்க்கெட்டில் மாம்பழம் தலைகாட்டத் தொடங்கியிருக்கும், ஆறுமணிக்கு மேல்தான் யாரும் வெளியே வருவார்கள். அந்த வியாழக்கிழமை அம்மா போனை எடுத்து, நான் எழுதிக்கொடுத்த தாளைப் பார்த்து, குளிர்காலத்துக்கு நன்றி என்று வியர்த்துக்கொண்டே சொன்னாள். அந்தப் பக்கம் சம்பந்தியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். மார்கழியில் அவர் இங்கே இருந்தார் இல்லையா, அவருடைய அந்தக் குளிர்காலத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு.

ஏற்காட்டிலிருந்து இறங்குகிற அன்றைக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பெரியம்மா மனையில் உட்காரவைத்துக் குங்குமம் வைத்து, தலையில் பூ வைத்து, தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், தேங்காய், ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்தாள். சம்பந்தியம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, தட்டை எங்கே வைப்பது, தேங்காயை எப்படிப் பிடிப்பது என்று என்னைப் பார்த்தார். முந்தானை இல்லாததால் அவருடைய ஸ்வெட்டரையே நீட்டிப் பிடிக்கச் சொல்லி அதில் தேங்காயைப் போட்டோம். 'போய்ட்டு வாங்க சம்பந்தி' என்று பெரியம்மா சொன்னதை அவர் திருப்பிச் சொல்லிப் பழகினார். பெரியப்பா கார்க்காரரிடம், 'இருபது வளைவு தம்பி, பாத்து மெதுவா போ' என்றதைக் கேட்டு இது என்ன என்று கேட்டார், சொன்னேன். உடனே அவர் முகம் மலர்ந்து, ஃபர்து வர்லேகா என்றார். அங்கேயும் பயணம் கிளம்புகிறவர்களிடம் இதைத்தான் சொல்வார்களாம், பார்த்துப் போ, ஜாக்கிரதை. குளிர்காலத்தில் ரோட்டில் பனி உறைந்து கண்ணாடி மாதிரி கிடக்கும், காற்று காரையே தள்ளும், அந்த ஊரில் இது வெறும் சம்பிரதாயம் இல்லை. நல்லபடியாகப் போய் வா என்பதற்குத் தனியாக ஒன்று, கோவ்தா ஃபெர்த். இரண்டையும் சேர்த்தே சொல்லலாம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை வரும்போது சம்பந்தியம்மா தமிழில் எண்ணிக்கொண்டே வந்தார், தங்கை மகள் பின் சீட்டிலிருந்து திருத்தினாள்.

இனி, போகப்போகிறவர்களுக்குச் சில சில்லறை விஷயங்கள். கடையில் பில் போடுகிறவர் நீளமாக ஏதாவது நல்ல நாள், நல்ல வாரக் கடைசி என்று சொன்னால் முழுசாகப் புரியவில்லையே என்று திகைக்க வேண்டாம், சோமுலேய்திஸ் என்று சொல்லிவிடுங்கள். உங்களுக்கும் அப்படியே. ராத்திரி, பண்டிகை, பயணம் என்று யார் எதை வாழ்த்தினாலும் பெரும்பாலும் இது காப்பாற்றும். தூங்கப் போகும்போது கோவ்தா நோஹ்த். மெசேஜிலும் மெயிலிலும் கடைசியில் க்வெத்யா என்று எழுதிப் பெயர் போடுவார்கள், அவசரத்தில் அதையும் சுருக்கி முதல் இரண்டு எழுத்தும் ஒரு புள்ளியும் மட்டும் இருக்கும், அதைப் பார்த்து ஏதோ கத்தரித்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். முதல் பெயரோடு எழுதுவது மரியாதைக் குறைவு ஆகாது, டாக்டருக்கே ஆனாலும்.

தஹ்க் என்பதில் ஹ் வருவதைக் கவனிக்க வேண்டும். அழுத்தமான ககரத்துக்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு விடுவார்கள், கண்ணாடியில் ஆவி ஊதுகிற அளவுக்கு. நோஹ்த்திலும் அதே மூச்சு. அது இல்லாமல் சொன்னாலும் புரிந்துகொள்வார்கள், ஆனால் அந்த மூச்சோடு சொன்னால் எதிரே நிற்கிறவர் சட்டென்று ஆங்கிலத்தை விட்டுத் தன் மொழிக்கு மாறிவிடுவார். அங்கே புதிதாகப் போகிறவர்களின் பெரிய குறையே, எல்லோரும் நல்லெண்ணத்தோடு உடனே ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார்கள், நமக்குப் பழக வாய்ப்பே இல்லை என்பதுதான். தங்கையும் முதல் வருஷம் முழுக்க இதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறாள். கிளம்புகிற நேரத்து ஒரு வரியைச் சுத்தமாகச் சொல்லிப் பழகிக்கொண்டால், அடுத்த தடவை அதே கடையில் அவர்கள் மொழியிலேயே பேச்சு ஆரம்பிக்கும். அவள் அப்படித்தான் பேக்கரிக்காரப் பெண்மணியிடம் கற்றுக்கொண்டாள்.

வருகிற ஜூனில் அப்பா அம்மாவோடு நானும் ரெய்க்யாவிக் போகிறேன். ஜூனில் அங்கே ராத்திரி இருட்டவே இருட்டாது என்று கேள்விப்பட்டதிலிருந்து அம்மா கெட்டித் துணியாக இரண்டு ஜன்னல் திரை தைத்து வைத்திருக்கிறாள், பொடி வகைகளும் வறுத்து அரைத்தாகிவிட்டது. விமான நிலையம் இருப்பது கெஃப்ளாவிக்கில், ஊரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர், சம்பந்தியம்மா காரை எடுத்துக்கொண்டு வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். பார்த்ததும் என்ன சொல்வது என்று அம்மா கேட்டாள். தஹ்க் ஃபிரிர் சீதஸ்த் என்று சொல், ஏற்காட்டில் சேர்ந்திருந்ததற்கு என்றேன். சமையல் மேடை மேல் இருக்கிற நோட்டில் தமிழில் பெரிசாக எழுதி வைத்துக்கொண்டு, 'இது சரி, சாப்பிட்டாச்சான்னு கேக்கறதுக்கு என்ன சொல்லணும், அதையும் எழுது' என்று பேனாவை என்னிடம் நீட்டினாள்.